வாங்கிய சர்வரும் வாங்காத லைசென்ஸும்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "உன் தொழில் சம்பந்தமா ஒரு அரைமணி நேரம் பேசு, ஆனா தமிழ் டிபார்ட்மெண்ட்காரனுக்கும் புரியணும்" என்று சொல்லிவிட்டார். என் தொழில் சர்வர்களைப் பராமரிப்பது. இதை எங்கள் ஊரில் ஒரு பெரியவரிடம் சொன்னபோது, "எந்த ஹோட்டல்ல மக்கா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் பெரிய பிழை ஒன்றும் இல்லை. ஹோட்டல் சர்வர் பத்து மேசைக்கு ஓடி ஓடிப் பரிமாறுகிறார். எங்கள் சர்வரும் பத்து மேசையில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் கேட்டதை எடுத்துக்கொண்டு வந்து வைக்கிறது. ஹோட்டல் சர்வருக்கு டிப்ஸ் கொடுத்தால் போதும், இதற்கு லைசென்ஸ் வேண்டும். இன்றைக்குப் பேசப் போவது அந்த லைசென்ஸைப் பற்றித்தான்.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் என்று நம் மாவட்டத்தில் எங்கே போனாலும் ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை, கல்லூரி, மீன்வலைக் கம்பெனி, முந்திரி பேக்டரி எல்லாவற்றிலும் ஓர் ஏ.சி. அறைக்குள் இரண்டு சர்வராவது இருக்கும். அதை வாங்கிய முதலாளிமார் பலர் இங்கே நம் சங்கத்திலேயே இருக்கிறீர்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் பையன்கள் பலரும் நம் மாணவர்கள்தான். ஆகவே முதலாளிக்கும் சேர்த்துப் பேசுகிறேன், பையனுக்கும் சேர்த்துப் பேசுகிறேன். இரண்டு பேருக்கும் இடையில் ஒரு கையெழுத்து மாட்டிக்கொண்ட கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் வி.எம். என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். விர்ச்சுவல் மெஷின். தமிழில் மெய்நிகர் கணினி என்று எழுதுகிறார்கள். நம்மூர் வளவை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே ஒரே மதில், ஒரே வாசல், ஒரே கிணறு. உள்ளே ஏழு வீடு, ஏழு அடுப்பு. அதுபோல ஒரு பெரிய இரும்புப் பெட்டிக்குள் ஏழு சர்வர் தனித்தனியாக ஓடும். ஒவ்வொன்றும் தான் மட்டுமே அந்தப் பெட்டியில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும். இது புதுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். ஐ.பி.எம். நிறுவனம் தன் பெரிய கம்ப்யூட்டர்களில் இதை 1972-லேயே வியாபாரத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. சாதாரண பி.சி. வகைச் சாதனங்களில் இதைச் சாத்தியமாக்கிய வி.எம்.வேர் நிறுவனம் 1998-இல் தொடங்கப்பட்டது. லினக்ஸுக்குள் கே.வி.எம். 2007-இல் சேர்ந்தது. மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி 2008-இல் வந்தது. அதற்குப் பிறகு, தனித்தனிப் பெட்டியாக வாங்குவதைப் பெரும்பாலோர் விட்டுவிட்டார்கள்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பம். ஒரு பெட்டிக்கு ஒரு சாஃப்ட்வேர் என்றிருந்த காலத்தில் கணக்கு சுலபம். பெட்டியை எண்ணினால் போதும். வளவு கட்டி உள்ளே ஏழு வீடு வைத்த பிறகு எதை எண்ணுவது? வளவையா, வீட்டையா, குடியிருக்கும் ஆளையா, கிணற்றில் தண்ணீர் எடுக்கும் வாளியையா? ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பதில் சொல்கிறது. அந்தப் பதிலையும் சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்கிறது.

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்குப் பத்திர ஞானம் கூடுதல். கால் சென்ட் வரப்புக்காகப் பத்மநாபபுரம் கோர்ட்டுக்கு இருபது வருஷம் நடந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. கிரயம் வேறு, ஒற்றி வேறு, பாட்டம் வேறு என்று இங்கே பத்தாம் வகுப்புப் பையனும் சொல்வான். அதே ஆட்கள் சாஃப்ட்வேர் என்று வந்ததும், "பில் இருக்கு, ரூபா குடுத்தாச்சு, சாதனம் நம்மது" என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். பில் இருப்பது உண்மை. ஆனால் அந்த பில் எதற்கு? புத்தகம் வாங்கினால் தாளும் அட்டையும் நமக்குச் சொந்தம், அச்சடித்து விற்கும் உரிமை நமக்கு வராது. சாஃப்ட்வேரில் இன்னும் ஒரு படி இறுக்கம். எங்கே, எத்தனை பேர், எந்தப் பெட்டியில் ஓட்டலாம் என்ற நிபந்தனையோடு ஓட்டிக்கொள்ள அனுமதி. நம்மூர்ப் பேச்சில் சொன்னால், பாட்டத்துக்கு எடுத்த தோப்பில் தேங்காய் வெட்டலாம், தென்னையை வெட்ட முடியாது.

நம் உச்ச நீதிமன்றமும் இதைப் பற்றி விரிவாகப் பேசியிருக்கிறது. 2004-இல் டாட்டா கன்சல்டன்சி சர்வீஸஸ் வழக்கில், கடையில் விற்கும் ரெடிமேட் சாஃப்ட்வேர் விற்பனை வரிக்கு உட்பட்ட சரக்குதான் என்று தீர்ப்பு. 2021 மார்ச் மாதம் என்ஜினீயரிங் அனாலிசிஸ் வழக்கில், வாடிக்கையாளருக்குக் கிடைப்பது காப்பிரைட் உள்ள ஒரு பொருளைப் பயன்படுத்தும் வசதிதான், காப்பிரைட் அவர் கைக்கு மாறுவதில்லை என்று தீர்ப்பு. இரண்டுமே வரி வழக்குகள். ஆனாலும் நாம் எதை வாங்குகிறோம் என்று புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், பயமுறுத்துவதற்காக இல்லை. 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் 1994-இல் ஒரு திருத்தம் வந்தது, 1995 மே மாதம் அமலானது. அதில் 63-பி என்று ஒரு பிரிவு. சட்டவிரோதப் பிரதி என்று தெரிந்தே ஒரு சாஃப்ட்வேரைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் 7 நாளுக்குக் குறையாமல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய்க்குக் குறையாமல் 2 லட்சம் வரை அபராதம். வியாபார லாபத்துக்காக இல்லையென்றால் கோர்ட் இதைக் குறைக்கலாம். "தெரிந்தே" என்ற சொல்லைக் கவனியுங்கள். குறைவாக வாங்கிவிட்டு அதிகமாக ஓட்டும் இடங்களில் பெரும்பாலும் விஷயம் பாக்கியைக் கட்டுவதில் முடிகிறது. ஆனால் கணக்குக் கேட்டு ஒரு கடிதம் வந்த பிறகு "எனக்குத் தெரியாது" என்று சொல்ல வழியில்லை.

இனி அந்தக் கையெழுத்துக் கதை. ஊர் பேர் சொல்ல மாட்டேன். நம் மாவட்டத்தில் ஓர் ஆஸ்பத்திரி. நடத்துகிறவர் நல்ல டாக்டர், நாணயமான மனுஷன். அங்கே சர்வர் பார்த்துக்கொள்ளும் பையன் நம் கல்லூரி மாணவன், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம். ஒருநாள் சாயங்காலம் எனக்குப் போன். "அண்ணே, ஒரு கடிதம் வந்திருக்கு. நம்மகிட்ட எத்தனை சர்வர், எத்தனை கோர், எத்தனை யூசர்னு ஒரு பாரத்தில எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பணுமாம். டாக்டர் என்னையே கையெழுத்துப் போடச் சொல்லுதாரு."

மறுநாள் போனேன். டாக்டர் கோபத்தில் இருந்தார். "தம்பி, நான் களவாண்டு ஒண்ணும் வைக்கல. ரெண்டு சர்வர் வாங்கினேன், ரெண்டுக்கும் விண்டோஸ் வாங்கினேன். டீலர் தந்த பில்லு இந்தா இருக்கு. பொறவு என்னத்தக் கேக்கானுவ?"

பில்லைப் பார்த்தேன். அவர் சொன்னது முழுக்க உண்மை. இரண்டு சர்வருக்கும் விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டு, ஆளுக்கு 16 கோர். கோர் என்பது பிராசசருக்குள் இருக்கும் தனித்தனி மூளை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வாங்கிய சர்வரில் பிராசசர் இரண்டு, ஒவ்வொன்றிலும் 12 கோர். ஆக ஒரு சர்வருக்கு 24 கோர். டீலர் கொடுத்ததோ 16-க்கு. முதல் ஓட்டை அங்கே.

2016 பதிப்பு முதல் விண்டோஸ் சர்வருக்குக் கணக்கு இதுதான். பெட்டியில் இருக்கும் எல்லாக் கோருக்கும் லைசென்ஸ் வேண்டும். ஒரு பிராசசருக்கு 8-க்குக் குறையக்கூடாது, ஒரு பெட்டிக்கு 16-க்குக் குறையக்கூடாது. பாதிப் பெட்டிக்கு வாங்கினேன், மீதியைத் தொடவில்லை என்று சொல்ல முடியாது. அப்படி முழுப் பெட்டிக்கும் ஒருமுறை வாங்கினால் ஸ்டாண்டர்டு பதிப்பில் இரண்டு வி.எம். ஓட்டலாம். மூன்றாவது வேண்டுமா? முழுப் பெட்டிக்கும் மறுபடி ஒருமுறை வாங்க வேண்டும். அது நான்கு வி.எம். வரை தாங்கும். இப்படி அடுக்கிக்கொண்டே போகலாம். டேட்டாசென்டர் பதிப்பு வாங்கினால் முழுப் பெட்டிக்கும் ஒருமுறை போதும், உள்ளே எத்தனை வி.எம். வேண்டுமானாலும் ஓட்டலாம்.

ஆஸ்பத்திரியில் ஓடியது ஏழு வி.எம். டொமைன் கன்ட்ரோலர் ஒன்று, நோயாளிக் கணக்கு சாஃப்ட்வேர் ஒன்று, அதன் எஸ்.க்யூ.எல். டேட்டாபேஸ் ஒன்று, ஸ்கேன் படங்களுக்கு ஒன்று, லேப் ரிப்போர்ட்டை நோயாளிகள் வீட்டிலிருந்தே பார்க்க ஒன்று, ஃபைல் சர்வர் ஒன்று, பேக்கப்புக்கு ஒன்று. ஏழிலும் விண்டோஸ். வி.எம். உண்டாக்குவது இரண்டு நிமிஷ வேலை. சாஃப்ட்வேர் தடுக்காது, மணி அடிக்காது. பையன் தேவைக்குத் தேவை ஒன்றொன்றாகச் சேர்த்திருக்கிறான். வளவுக்குள் ஒவ்வொரு மருமகள் வந்தபோதும் ஓர் அடுப்படி கூடினது மாதிரி.

"அப்ப ஏழுக்கு நாலு அடுக்கு, எட்டு வி.எம். வரைக்கும் தாங்கும், 24 நாலு 96 கோர், அவ்வளவுதானே?" என்று பையன் கணக்குப் போட்டான். புத்திசாலி. ஆனால் அந்த இரண்டு சர்வரும் ஒன்றுக்கொன்று துணை. ஒன்று படுத்தால் அதிலிருக்கும் வி.எம். எல்லாம் மற்றதில் எழும்பும். ராத்திரி இரண்டு மணிக்கு மின்சாரக் கோளாறில் ஒரு சர்வர் நின்றாலும் ஐ.சி.யூ. வேலை நிற்கக்கூடாது என்பதற்காகத்தான் இரண்டு வாங்கினார்கள். இங்கே நம் பஸ் கணக்கு உதவும். வடசேரியிலிருந்து புறப்படும் பஸ்ஸுக்குப் பெர்மிட் உண்டு. அது கெட்டு நின்றால் ஆட்களை அடுத்த பஸ்ஸில் ஏற்றலாம், ஆனால் அந்த பஸ்ஸுக்கும் அந்த ரூட்டில் ஓடப் பெர்மிட் இருக்க வேண்டும். பயணிகள் மாறினார்கள் என்பதற்காகப் பெர்மிட் கூடவே தாவி வராது. விண்டோஸ் சர்வர் லைசென்ஸும் அப்படித்தான். ஒரு பெட்டிக்கு ஒதுக்கியதை அடுத்த பெட்டிக்கு மாற்ற 90 நாள் கழிய வேண்டும். சாதனம் ஒரேயடியாகக் கெட்டுப்போனால் மட்டும் விலக்கு. ஆகவே ஏழு வி.எம்.மும் எந்தப் பெட்டியிலும் எழும்பலாம் என்றால் இரண்டு பெட்டிக்கும் தனித்தனியே ஏழுக்கு லைசென்ஸ் வேண்டும். 96 என்பது 192 ஆயிற்று. கையில் இருந்தது 32.

அந்த அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பிறகு நிர்வாக அதிகாரி, "ராத்திரியோட ராத்திரியா அஞ்சு வி.எம்.மை அழிச்சிட்டு ரெண்டுன்னு எழுதிக் குடுத்தா என்ன?" என்றார். அழித்தால் காலையில் ஓ.பி. சீட்டு எப்படிப் போடுவது என்று பையனே கேட்டுவிட்டான். நான் சொன்னது வேறு. அந்தப் பாரத்தில் கையெழுத்துப் போடுவது இருபத்து நான்கு வயதுப் பையன். நிர்வாகம் வாங்கிக் கொடுத்ததை ஓட்டியவன் அவன். வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுத்தவன் அவன் இல்லை. பொய்க் கணக்குக்கு அவன் கையெழுத்தை வாங்கினால், அதுவரை கவனக்குறைவு என்று இருந்தது அன்று முதல் வேறு பேர் பெறும். தவிர, எந்த வி.எம். எப்போது பிறந்தது, எப்போது அழிந்தது என்பதெல்லாம் மேலாண்மை சாஃப்ட்வேரின் பதிவேட்டில் அப்படியே கிடக்கும்.

டாக்டர் சிறிது யோசித்துவிட்டு, "நான் போடுதேன் கையெழுத்து. உள்ளது உள்ளபடி எழுதுங்க" என்றார். என் தொழிலில் அப்படிச் சொன்ன முதலாளிகளைக் கைவிரலில் எண்ணிவிடலாம்.

உள்ளது உள்ளபடி எழுத உட்கார்ந்தபோது இன்னொரு பூதம் கிளம்பியது. சி.ஏ.எல். என்று ஒன்று உண்டு. கிளையன்ட் ஆக்சஸ் லைசென்ஸ். நாங்கள் அதை "கால்" என்று சொல்வோம். "உங்களுக்கு எத்தனை கால் இருக்கு?" என்று நான் கேட்க, டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். சர்வருக்கு வாங்குவது பஸ் பெர்மிட் என்றால் இது பயணி டிக்கெட். சர்வரைத் தொடும் ஒவ்வொரு ஆளுக்கோ, ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கோ ஒரு கால் வேண்டும். டீலர் கொடுத்திருந்தது பத்து. ஆஸ்பத்திரியில் 210 பேர் வேலை செய்கிறார்கள்.

இதில் ஒரு நல்ல செய்தி இருந்தது. ஆள் கணக்கா, சாதனக் கணக்கா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு. நர்ஸ்மார் மூன்று ஷிப்டில் வருகிறார்கள், மூன்று பேருக்கும் ஒரே கம்ப்யூட்டர்தான். மொத்தம் 70 கம்ப்யூட்டர். அதற்கு 70 சாதனக் கால் போதும். டாக்டர்மார் மாத்திரம் போன், லேப்டாப், வீட்டுக் கம்ப்யூட்டர் என்று பலதிலிருந்தும் பார்க்கிறார்கள். அவர்கள் 25 பேருக்கு ஆள் கால். மொத்தம் 95. ஆள் கணக்கிலேயே எல்லாருக்கும் வாங்கியிருந்தால் 210. பேக்டரி, ஆஸ்பத்திரி, கால் சென்டர் வைத்திருப்பவர்கள் இதை மட்டும் குறித்துக்கொண்டு போனாலும் என் அரைமணி நேரம் வீண் இல்லை.

நடுவில் ஒரு சாஃப்ட்வேர் நின்று எல்லாருக்கும் பதிலாக அதுமட்டும் சர்வரைத் தொடுகிறது, ஆகவே ஒரே கால் போதும் என்று சில டீலர்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள். கதவுக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்களோ அத்தனை பேருக்கும் வேண்டும் என்றுதான் நிபந்தனையில் இருக்கிறது. ரிமோட் டெஸ்க்டாப் வழியாகக் கிளையிலிருந்து கணக்குப்பிள்ளை உள்ளே வந்து வேலை செய்தால் அதற்குத் தனியாக இன்னொரு கால். பூரானுக்குக்கூட இத்தனை கால் இருக்காது.

சரி, 192 கோருக்கு வந்த வழியைச் சொல்கிறேன். ஏழிலும் விண்டோஸ் கட்டாயமா என்று முதலில் கேட்டோம். பேக்கப், ஃபைல் சர்வர், லேப் ரிப்போர்ட் வெப்சைட் மூன்றும் லினக்ஸில் தாராளமாக ஓடும். பையன் மூன்று வாரம் ராத்திரி உட்கார்ந்து மூன்றையும் டெபியனுக்கு மாற்றினான். மீதி நான்கு வி.எம்.முக்கு இரண்டு அடுக்கு. ஒரு பெட்டிக்கு 48, இரண்டு பெட்டிக்கு 96. பாதிக்குப் பாதி மிச்சம். கையில் 32 போக 64 கோருக்கு வாங்கினால் போதும். (ஃபைல் சர்வர் லினக்ஸ் ஆனதால் கால் வேண்டாம் என்று நினைக்கக்கூடாது. டொமைன் கன்ட்ரோலர் விண்டோஸாக இருக்கிறவரை அந்தச் செலவு நிற்காது.)

டேட்டாசென்டர் பதிப்பு ஏன் வாங்கவில்லை என்று கேட்பீர்கள். 2022 பதிப்புக்கு அமெரிக்கப் பட்டியல் விலை 16 கோருக்கு ஸ்டாண்டர்டு 1,069 டாலர், டேட்டாசென்டர் 6,155 டாலர். கிட்டத்தட்ட ஆறு மடங்கு. அதாவது ஒரு பெட்டியில் பத்து வி.எம். வரை ஸ்டாண்டர்டை அடுக்குவது லாபம், பதினொன்றைத் தொட்டால் டேட்டாசென்டர் லாபம். நான்கு வி.எம். ஓட்டுகிறவனுக்கு டேட்டாசென்டர் விற்கும் டீலரும் உண்டு, இருபது ஓட்டுகிறவனுக்கு ஸ்டாண்டர்டு ஒன்றைத் தந்துவிட்டுப் போகும் டீலரும் உண்டு. இரண்டு பேரையும் நான் பார்த்தாயிற்று. 2022 அக்டோபர் முதல் பெட்டியை விட்டுவிட்டு வி.எம்.மை மாத்திரம் எண்ணி வாங்கவும் ஒரு வழி இருக்கிறது, ஆனால் அதற்குச் சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ் என்ற வருடாந்தரக் கட்டணமோ சந்தாவோ வேண்டும், ஒரு வி.எம்.முக்கு 8 கோருக்குக் குறையக்கூடாது. பெரிய பெட்டியில் சின்ன வி.எம். ஒன்றிரண்டு வைத்திருப்பவர்களுக்கு அது உதவும்.

எஸ்.க்யூ.எல். சர்வருக்கு வேறு சட்டம், வேறு கணக்கு. வி.எம்.முக்குக் கோர் கணக்கில் வாங்கினால் குறைந்தது 4. அஷ்யூரன்ஸ் இல்லாத லைசென்ஸ் என்றால் நினைத்த நேரத்தில் பெட்டி மாற முடியாது, அதே 90 நாள் தடை. அந்த ஆஸ்பத்திரியில் அந்த ஒரு வி.எம்.மை மட்டும் ஒரே பெட்டியோடு கட்டிப்போட்டோம். சின்ன நிறுவனங்கள் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பிலேயே ஓட்டிவிடலாம், 2022 பதிப்பு வரை ஒரு டேட்டாபேஸ் 10 ஜி.பி.க்கு மேல் வளராது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் சரி.

அந்த டீலரைக் கேட்டீர்களா என்பீர்கள். கேட்டோம். "நீங்க ரெண்டு சர்வர்னு சொன்னீங்க, ரெண்டு தந்தேன்" என்றார். அவர் பில்லில் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. கோட்டார் கடையில் நாம் கேட்ட அளவுக்குத்தான் அரிசி தருவார்கள். பந்திக்கு எத்தனை இலை என்று கணக்குப் பார்ப்பது நம் வீட்டு வேலை. ஆனாலும் கல்யாண வீட்டுக்கு அரிசி கேட்டால், "எத்தனை பேருக்கு அண்ணாச்சி?" என்று ஒரு வார்த்தை கேட்கிற கடைக்காரர்கள் கோட்டாரில் உண்டு. அந்த ஒரு கேள்வியைக் கேட்காத டீலரிடம் நான் இப்போது யாரையும் அனுப்புவதில்லை.

வெளிநாட்டிலும் இதே கூத்துதான், தொகை மட்டும் பெரிது. ஸ்னிக்கர்ஸ் மிட்டாய் செய்யும் மார்ஸ் நிறுவனத்துக்கும் ஆரக்கிள் நிறுவனத்துக்கும் 2015-இல் சான் பிரான்சிஸ்கோ கோர்ட்டில் வழக்கு வந்தது. ஆரக்கிளின் நிலைப்பாடு என்னவென்றால், வி.எம்.வேர் போட்டு நாம் உள்ளே எழுப்பும் சுவரை அது சுவராகவே ஒப்புக்கொள்ளாது. டேட்டாபேஸ் ஒரு வீட்டில்தான் குடியிருக்கிறது என்றாலும் அது போய்க் குடியிருக்கக்கூடிய எல்லா வளவுக்கும் வாடகை. கணக்குக் கேட்டுக் கேட்டு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்களைக் கொடுத்தும் திருப்திப்படவில்லை என்று மார்ஸ் மனுவில் சொன்னது. தீர்ப்பு வருமுன்பே இரண்டு பேரும் சமாதானமாகிவிட்டார்கள். ஆகையால் யார் சொன்னது சரி என்று கோர்ட் வாயால் கேட்கும் பாக்கியம் நமக்குக் கிடைக்கவில்லை. ஆரக்கிள் வைத்திருப்பவர்கள் அதற்கென்று தனிப் பெட்டி ஒதுக்கி, மற்ற சர்வர்களோடு சேர்க்காமல் வைப்பதுதான் என் யோசனை.

வி.எம்.வேர் கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2023 நவம்பரில் பிராட்காம் அதை வாங்கியது. அடுத்த மாதமே, ஒரு தடவை பணம் கட்டி என்றென்றைக்கும் வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் விற்பனை நின்றது, இனி எல்லாம் சந்தா. அதுவும் கோர் கணக்கு, ஒரு பிராசசருக்கு 16-க்குக் குறையாமல். அந்த ஆஸ்பத்திரி மாதிரி 12 கோர் பிராசசர் வைத்திருப்பவர் நான்கு கோருக்குச் சும்மா பணம் கட்ட வேண்டும். பழைய லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் அதைத் தொடர்ந்து ஓட்டலாம், ஆனால் கோளாறு வந்தால் கேட்க ஆளில்லை. என் வாடிக்கையாளர்களில் சிலர் ஹைப்பர்-விக்குப் போனார்கள், சிலர் பிராக்ஸ்மாக்ஸுக்கு. இரண்டாவது ஓப்பன் சோர்ஸ். லைசென்ஸ் செலவு இல்லை, தேவைப்பட்டால் ஆதரவுக்குப் பணம் கட்டலாம். ஒரு விஷயம், வளவை மாற்றினாலும் உள்ளே இருக்கும் விண்டோஸ் கணக்கு மாறாது. பிராக்ஸ்மாக்ஸ் இலவசம், ஆகவே அதற்குள் விண்டோஸும் இலவசம் என்று ஒருவர் என்னிடம் வாதம் பண்ணினார்.

ஓப்பன் சோர்ஸ் என்றால் விளையாட்டுச் சாமான் என்ற எண்ணம் நம்மூர் முதலாளிகளிடம் இன்னும் இருக்கிறது. நம் தமிழ்நாட்டிலேயே எல்காட் நிறுவனம் 2006, 2007 வாக்கில், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்தபோது, சூசி லினக்ஸுக்கு மாறிக் காட்டியது. 2011-இல் மாணவர்களுக்கு அரசு தந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது, அது நம் சென்னை சி-டாக் செய்தது. களியக்காவிளை தாண்டினால் கேரளப் பள்ளிப் பிள்ளைகள் 2000-களிலிருந்தே லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் படிக்கிறார்கள். நம் எல்லையோரத்துப் பையன்களுக்கே வேலைக்கு ஆள் தேடும் நாம் இதைக் கவனிக்காமல் இருக்கிறோம். அதேசமயம் இலவசத்திலும் நிபந்தனை உண்டு. செண்ட்-ஓ.எஸ். 7-க்கு 2024 ஜூன் 30-உடன் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. இன்னும் அதில் பில் போடும் கடைகள் எனக்குத் தெரியும்.

தம்பிமார்களுக்குச் சில வார்த்தை. நெட்டில் ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் 'கீ' வாங்கிச் சர்வரில் போடாதீர்கள். கீ பூட்டைத் திறக்கும், அது வீட்டுப் பத்திரம் ஆகாது. பரீட்சார்த்தப் பதிப்பு 180 நாளைக்கு மட்டும். அது முடிந்தால் மணிக்கொரு தடவை சர்வர் தானே அணையும், ஓர் இடத்தில் மூன்று மாதமாக அதை மின்வாரியத்தின் தலையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். சர்வரோடு சேர்ந்து வரும் ஓ.இ.எம். லைசென்ஸ் அந்தப் பெட்டியோடு பிறந்து அந்தப் பெட்டியோடு போவது, பழைய பெட்டியைக் கழித்துவிட்டுப் புதியதில் அதைப் போட முடியாது. படிக்கவும் சோதனை செய்யவும் தந்த சந்தா லைசென்ஸில் உண்மையான நோயாளிக் கணக்கை ஓட்டக்கூடாது.

புதிதாக ஒரு வி.எம். உண்டாக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு சாதாரண நோட்டில் தேதி, பெயர், யார் சொல்லி உண்டாக்கினோம், எந்த லைசென்ஸில் ஓடுகிறது என்று நான்கு வரி எழுதுங்கள். லைசென்ஸ் போதாது என்றால் மேலே இருப்பவருக்கு ஒரு மெயில் அனுப்புங்கள், வாயால் சொன்னது நிற்காது. முதலாளிமாரே, அந்த மெயில் வந்தால் பையன்மேல் கோபப்படாதீர்கள். வருஷத்துக்கு ஒருமுறை, ஆயுதபூஜைக்குச் சர்வர் அறையைத் துடைக்கும்போது, அந்த நோட்டையும் பில் கட்டையும் பக்கத்தில் வைத்துக் கோரை எண்ணுங்கள். இரண்டு சர்வருக்கு அரைநாள் போதும்.

கணக்குக் கேட்டுக் கடிதம் வந்தால், அது உண்மையான கம்பெனியிலிருந்து வந்ததா, அதன் ஆள் என்று சொல்லிக்கொள்ளும் விற்பனைக்காரரிடமிருந்து வந்ததா என்று முதலில் பாருங்கள். நம் ஒப்பந்தத்தில் கணக்குக் கேட்கும் உரிமை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். கையெழுத்தை நிறுவனத்தின் பொறுப்பாளர் போடட்டும்.

அந்த ஆஸ்பத்திரிப் பாரம் உள்ளபடியே போயிற்று. 64 கோரும் 85 காலும் வாங்கிய பில்லோடு ஒரு மாதத்தில் கணக்கு முடிந்தது. பையன் இப்போதும் அங்கேதான் இருக்கிறான், சம்பளம் கூடியிருக்கிறது. இன்றைக்கு இந்த அரங்கின் பின்வரிசையில் உட்கார்ந்து மைக் செட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவன் அவன்தான். யாரென்று நான் காட்டமாட்டேன், டாக்டர் யாரென்று கண்டுபிடித்துவிடுவீர்கள்.

சமையல்காரர் வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார், பாலடைப் பிரதமன் ஆறினால் பாவம். உங்கள் ஆபீஸில் எத்தனை கோர், எத்தனை கால் என்று சந்தேகம் உள்ளவர்கள் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்காருங்கள்.